அறக்கோட்பாடும் தேசிய அடையாளத்தின் ஆரம்ப வேர்களும்: யப்பானிய அனுபவமும் மட்டக்களப்புச் சான்றுகளும்

ஒரு மக்கட்கூட்டம் தன்னைத் தனியொரு தேசியமாக உணரத் தலைப்படும் காலத்தில் அதன் கைக்கு முதலில் அகப்படும் கருவி பெரும்பாலும் அரசியல் யாப்போ பொருளாதாரத் திட்டமோ அன்று. ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையே அவ்விடத்தைப் பெறுகின்றது. எவரை வணங்குவது, எவருக்குப் பணிவது, எதை உண்பது, எவரோடு உறவு கொள்வது என்ற வினாக்களுக்கு ஒழுங்கான விடை தரும் கோட்பாடொன்று, காலப்போக்கில் "நாம் யார்" என்ற வினாவுக்கும் விடையாகி விடுகின்றது. யப்பானில் கன்பூசியச் சிந்தனை வகித்த இடம் இதற்கு நன்கறியப்பட்ட உதாரணமாகும். ஈழத்துத் தமிழரிடையே அதற்கு நிகரான இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சைவச் சீர்திருத்தம் வகித்தது என்பதே இக்கட்டுரையின் தொடக்கக் கருதுகோள்.

இவ்வொப்பீட்டை யாழ்ப்பாணத்தை மட்டும் கொண்டு நிகழ்த்தினால் விடை முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டு விடும். ஏனெனில் அக்கோட்பாடு அங்கேயே வடிவம் பெற்றது. அங்கேயே வெற்றியும் பெற்றது. ஒரு கருத்துநிலையின் எல்லைகளை அறிய வேண்டுமாயின் அது முழுமையாகச் சென்று படியாத நிலப்பரப்பிலிருந்து அதனை நோக்குதல் வேண்டும். வடக்கே பாசிக்குடாவின் ஆழங்குறைந்த கடற்பரப்பிலிருந்து தெற்கே திருக்கோவில் வரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் மேட்டிலும் வாவிக்கு மேற்கே விரியும் வயல் நிலத்திலும் அமைந்த மட்டக்களப்புத் தமிழகம் அத்தகையதொரு நோக்குநிலையை எமக்குத் தருகின்றது.

1. யப்பானிய அனுபவம்

கி.பி. 604இல் இளவரசர் சோதொக்குவின் பெயரால் வழங்கும் பதினேழு உறுப்புச் சட்டத்திலேயே கன்பூசிய நூல்களின் செல்வாக்குத் தென்படுகின்றது. எனினும் அச்சிந்தனை சமூகக் கட்டுப்பாட்டின் தத்துவமாக மேலோங்கியது டொக்குகாவா ஆட்சிக் காலத்திலேயே (1603-1868). ஹயாஷி றாசான் (1583-1657) போன்ற அறிஞர் சூ சியின் புதுக் கன்பூசியத்தை ஆட்சியாளரின் தேவைக்கிசைய விளக்கினர். அரசன்-குடி, தந்தை-மகன், கணவன்-மனைவி, மூத்தோர்-இளையோர், நண்பர் என்னும் ஐவகை உறவுகளும் இயற்கையின் ஒழுங்காகவே காட்டப்பட்டன. சாமுறாய், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற நால்வகைப் பிரிவும் அவ்வாறே நியாயம் பெற்றது. நிலமானிய உற்பத்தி உறவுகளுக்கு வானுலக ஒழுங்கின் சாயல் பூசப்பட்டது எனலாம்.

இங்கு ஒரு முரண்பாடு எழுந்தது. அப்போதனையின் தாயகம் சீனம். அந்நிய நாட்டு அறத்தைக் கொண்டு சொந்த நாட்டின் பெருமையை நிலைநாட்டுவது எங்ஙனம்? யமாகா சோக்கோ (1622-1685) 1669இல் எழுதிய நூலில் "நடுநாடு" என்னும் பெயருக்கு உண்மையில் உரியது யப்பானே என வாதிட்டார். யமசாக்கி அன்சாய் (1618-1682) பற்றி வழங்கும் செய்தியொன்றும் இதனோடு ஒட்டி நினைக்கத்தக்கது. கன்பூசியசும் மென்சியசும் படைநடத்தி வந்தால் என்செய்வது என்று அவர் மாணவரை வினவி, அவர்களை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பிடிப்பதே அவ்விருவரின் போதனை வழி நிற்பதாகும் என்று தாமே விடை கூறினாராம். உலகப் பொதுவெனக் கூறப்பட்ட அறம் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கிய அறமாகும் கணம் இதுவே.

இம்மாற்றத்தின்போது அக்கோட்பாடு ஒன்றை இழந்தது. மென்சியசின் போதனையில் கொடுங்கோலனை அகற்றுவதற்கு இடமுண்டு. இடையறாத அரசமரபைப் போற்றிய யப்பானியச் சிந்தனையாளரில் ஒரு சாரார் இப்பகுதியை ஏற்க மறுத்தனர். 1657இல் தொடங்கப்பட்ட மித்தோ வரலாற்றுத் தொகுப்பும், 1825இல் ஐசாவா செய்சிசாய் எழுதிய "சின்ரோன்" என்னும் நூலும் அரசபத்தியையும் பெற்றோர்ப் பத்தியையும் ஒன்றாக இணைத்தன. 1890ஆம் ஆண்டின் கல்வி பற்றிய பேரரசப் பிரகடனம் அதனைப் பள்ளிக்கூடந்தோறும் கொண்டு சென்றது. ஆக, வர்க்க ஒழுக்கமாகத் தொடங்கி, நாட்டுப் பெருமையாக மாறி, பள்ளிக்கூடத்தின் வாயிலாக மக்கள் அனைவரதும் இயல்புபோல் ஆவது என்ற மூன்று படிகளை நாம் காண்கின்றோம். ஒவ்வொரு படியிலும் கோட்பாட்டின் விமர்சனக் கூறு கழன்று விழுகின்றது.

அக்காலத்திலேயே மாற்றுக் குரலும் எழாமலில்லை. அந்தோ சோயெக்கி (1703-1762) என்னும் மருத்துவர், உழாமல் உண்போரின் தத்துவமே கன்பூசியம் எனக் கண்டித்தார். அவரது எழுத்துக்கள் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன, 1949இல் ஈ. எச். நோர்மன் வெளியிட்ட ஆய்வின் பின்னரே உலகறிந்தன. தேசிய அடையாளத்தின் வரலாறு எழுதப்படும்போது எக்குரல் வேராகக் கொள்ளப்படுகின்றது, எக்குரல் களையாக அகற்றப்படுகின்றது என்ற வினா இதனால் எழுகின்றது. அவ்வினாவுடனேயே நம் நாட்டு நிலைமைக்கு வருதல் பொருந்தும்.

2. நாவலரும் ஒழுக்கத்தின் தேசியமும்

ஆறுமுகநாவலர் (1822-1879) 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே அச்சியந்திரம் தேடிச் சென்னைக்குச் சென்றார். மிஷனரிமாரின் பள்ளிக்கூடம், வினாவிடை, துண்டுப்பிரசுரம், மேடைப்பிரசங்கம் ஆகிய கருவிகளை அவர்களுக்கெதிராகவே கையாண்ட அவரது ஆற்றல் மறுக்கவியலாதது. 1876-77 காலப் பஞ்சத்திற் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தியதும், யாழ்ப்பாண அரச அதிபர் துவைனத்தின் நிருவாகத்தைக் கண்டித்து எழுதியதும் அவரது சமூகப் பற்றுக்குச் சான்றுகள். இவற்றைக் கருதியே முற்போக்கு அணியினரும் ஒரு காலத்தில் அவரைத் தேசிய விழிப்பின் முன்னோடியாகக் கொண்டாடினர். அதில் நியாயமுண்டு, ஆனால் அது பாதி நியாயமே.

நாவலரின் பாலபாடங்களை இலக்கியப் பிரதிகளாக வைத்து நோக்குவோமாயின் மறுபாதி தெளிவுறும். கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, பொய், செய்ந்நன்றியறிதல், பெரியோரைப் பேணல் என ஒழுக்கம் தலைப்புத் தலைப்பாக வகுக்கப்படுகின்றது. ஐயத்துக்கு இடமளிக்காத நிறுத்தமான வாக்கியங்களால் ஆனது அவ்வுரைநடை. மாணவன் கேட்பவன், நூல் பணிப்பது. அதனைப் படித்து வளரும் பிள்ளையின் மனத்தில் உருவாகும் "சைவத் தமிழன்" மரக்கறி உண்பவன், ஆகமவிதி நிற்பவன், சாதியாசாரம் வழுவாதவன். இவ்வுருவம் எல்லாத் தமிழருக்கும் பொதுவான உருவமன்று. நிலமும் எழுத்தறிவும் கோயில் உரிமையும் உடைய வேளாளர் குழாத்தின் உருவம். அது பொதுவுருவமாக முன்வைக்கப்பட்டமையே கருத்துநிலையின் வேலை. ஐவகை உறவுகளை இயற்கையொழுங்கெனக் காட்டிய டொக்குகாவா அறிஞரின் வேலையும் இதுவே.

வேறுபாடு ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். யப்பானில் அக்கோட்பாட்டை அரசு தாங்கி நின்றது. குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட யாழ்ப்பாணத்தில் அரசு அந்நியர் கையில் இருந்தமையால் கோயிலும் பள்ளிக்கூடமும் அச்சகமுமே அரசின் இடத்தை நிரப்பின. 1879இல் சட்டசபை உறுப்புரிமைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை நாவலர் ஆதரித்தபோது ஒழுக்கத்தின் பிரதிநிதித்துவம் அரசியற் பிரதிநிதித்துவமாக உருமாறத் தொடங்கியது.

இச்சீர்திருத்தம் எதை விலக்கியது என்பதே எமக்கு முக்கியமானது. சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் நாவலர் சாடினார். கண்ணகி வழிபாட்டைச் சமணச் சார்புடையதெனக் கூறி அவர் ஒதுக்கினார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல காலப்போக்கில் இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய ஆகமப் பெயர்களைப் பெற்றன. பெரியபுராணத்தை வசனமாக்கி மக்கள் கையிற் கொடுத்த பெருமை நாவலருக்குரியது. சிலப்பதிகாரத்தின் கதைத்தலைவியோ அவர் வகுத்த அடையாளத்தில் இடம்பெறவில்லை. சிலப்பதிகாரம் உ. வே. சாமிநாதையரால் முழுமையாகப் பதிப்பிக்கப்பட்டது 1892இல், நாவலர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே என்பதும் உண்மை. ஆயினும் ஏட்டில் அறியப்படாதிருந்த கண்ணகி கோயிலில் அறியப்பட்டவளாகவே இருந்தாள். விலக்கு அறியாமையால் நேர்ந்ததன்று, அளவுகோலால் நேர்ந்தது.

3. வழக்குரைத்தவளும் குளிர்விக்கும் ஊரும்

விலக்கப்பட்டது மட்டக்களப்பில் நிலைபெற்றது. காரைதீவு முதலாகப் பல ஊர்களில் ஆண்டுதோறும் வைகாசியில் கண்ணகி கோயிற் கதவு திறக்கப்படுகின்றது. கல்யாணக்கால் நடப்படுகின்றது, "கண்ணகி வழக்குரை" பாடப்படுகின்றது, திருக்குளிர்த்தியுடன் சடங்கு நிறைவெய்துகின்றது. பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் இந்நூலைப் பதிப்பித்ததன் பயனாக அது ஆய்வுலகின் கவனத்துக்கு வந்தது.

இப்பிரதியை இளங்கோவின் காப்பியத்தினது சிதைந்த வடிவமாகக் கருதுவது தவறு. அதன் கட்டமைப்பே வேறு. சிலம்புக்குரிய மணியைத் தேடிக் கப்பல் கட்டுவதும், மீகாமன் கடலோடுவதும், வெடியரசனோடு பொருவதும் இங்கு விரிவான காதைகளாகின்றன. காப்பியத்தில் இல்லாத கடல் இங்கு களமாகின்றது. கரையோர மக்களின் தொழிலும் நினைவும் கதைக்குள் நுழைகின்றன. பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் வலை இழுக்கும் மக்களுக்குப் பூம்புகார் தொலைவானது. கப்பலும் காற்றும் தொலைவானவையல்ல.

அதனினும் முக்கியமானது முடிவு. காப்பியத்தில் கண்ணகி விண்ணேறி விடுகின்றாள். சேரன் கல் நாட்டுகின்றான். அரசும் அறமும் மீண்டும் இணக்கமுறுகின்றன. சடங்கிலோ அவளது சினம் தீர்ந்து விடுவதில்லை. ஊர் கூடி ஆண்டுதோறும் அதனைக் குளிர்விக்க வேண்டியுள்ளது. கோடையின் வெப்பத்தையும் அம்மை நோயையும் அஞ்சிய வேளாண் சமூகத்தின் மழை வேண்டல் இதில் உண்டு என்பது உண்மையே. ஆனால் அநீதி இழைத்த அரசனிடம் ஒரு பெண் வழக்குரைத்தாள் என்ற செய்தி, முடிந்துபோன கதையாகாமல், தீர்க்கப்படாத வழக்காகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது என்பதும் உண்மையே. நூலின் பெயரே "வழக்குரை" என்பது மனங்கொள்ளத்தக்கது. யப்பானியக் கன்பூசியம் மென்சியசிடமிருந்து எதை நீக்கியதோ, பாலபாடத்தின் ஒழுக்கவுலகில் எதற்கு இடமில்லையோ, அந்த விமர்சனக் கூறு இங்கே சடங்கின் உருவில் எஞ்சி நிற்கின்றது.

இன்னொன்றும் உண்டு. கோட்பாடு எல்லை வகுத்தது. வழக்காறு எல்லை கடந்தது. கண்ணகி சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வமாக வணங்கப்படுகின்றாள். மட்டக்களப்பில் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து ஆடும் கொம்புமுறி விளையாட்டின் இணைவடிவம் சிங்களக் கிராமங்களில் "அங்கெலிய" எனப்பட்டது. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய ஆய்வு இவ்வுறவுகளை விரிவாக எடுத்துக்காட்டியது. நாவலருக்குப் பின்வந்த அநகாரிக தர்மபாலவின் (1864-1933) பௌத்தச் சீர்திருத்தமும் கிராமியத் தெய்வ வழிபாட்டைத் தாழ்த்தியே தூய மதத்தை உயர்த்தியது. இரு பக்கமும் தூய்மை வளர வளர இடையிலிருந்த பொதுவெளி சுருங்கியது.

4. மான்மியம்: மறுபக்கம்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. யாழ்ப்பாணத்தின் ஆகமச் சைவத்துக்கு எதிராக மட்டக்களப்பைக் களங்கமற்ற மக்கட் பண்பாட்டின் உறைவிடமாகக் காட்டும் போக்கு நம்மிற் சிலரிடம் உண்டு. 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த "மட்டக்களப்பு மான்மியம்" இம்மயக்கத்தைத் தெளிவிக்கப் போதுமானது.

மான்மியம் குடியேற்றத்தையும் அரசர் வரிசையையும் கூறுவது மேற்போக்கான உண்மை. அதன் உள்ளார்ந்த அக்கறை வேறு. எக்குடிக்குக் கோயிலில் என்ன உரிமை, எவருக்கு முன்வரிசை, எவர் எவருக்கு ஊழியஞ் செய்வது என்பனவே அதன் மையப் பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொலன்னறுவையைக் கைப்பற்றிய கலிங்க மாகனின் பெயரால் வன்னிமை ஒழுங்கு வகுக்கப்பட்டதாக அது கூறுகின்றது. பிற்காலத்து நிலவுடைமை உறவுகளுக்கு முற்காலத்து வெற்றிவேந்தன் ஒருவன் சான்றுரைக்க அழைக்கப்படுகின்றான். மித்தோ அறிஞர் அரசமரபின் நியாயத்தை வரலாற்றால் நிறுவியதற்கும் இதற்கும் அளவிலேயே வேறுபாடு, செயலில் இல்லை. போடியாரின் வயலில் உழைத்தவனும், கோயில் வாசலுக்கு வெளியே பறைமுழக்கியவனும் மான்மியத்தின் கடமைப் பட்டியலில் உண்டு. உரிமைப் பட்டியலில் இல்லை.

ஆயினும் தாய்வழிக் குடிமுறை ஒரு தனித்தன்மையை நல்கியது. குடி தாய்வழியே வந்தது. சொத்தின் பெரும்பகுதியும் பெண்வழியே சென்றது. இவ்வழக்கத்தை சீ. பிறிற்றோ 1876இல் முக்குவர் சட்டம் பற்றிய நூலிற் பதிவுசெய்தார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட சொத்துரிமைக் கட்டளைச்சட்டம் அதன் சட்ட வலுவைக் குறைத்தது. யாழ்ப்பாணத்தின் தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டுச் சட்டமாக நிலைபெற்றிருக்க, மட்டக்களப்பின் வழமை சட்டத்தின் பாதுகாப்பை இழந்தது. எது "தமிழர் வழமை" எனப் பொதுப்பெயர் பெறும் என்பதை இத்தகைய நிருவாக முடிவுகளும் தீர்மானித்தன. இதே தாய்வழிக் குடிமுறை கீழைக்கரை முஸ்லிம்களிடமும் உண்டு. அங்கே வண்ணக்கரின் இடத்தில் மரைக்கார் நின்றார். குடியமைப்பின் இப்பொதுமை பின்னர் நாம் கூறவிருப்பதற்கு அடிப்படையாகும்.

5. விபுலானந்தர்

சிலப்பதிகாரம் முழுமையாக அச்சேறிய 1892ஆம் ஆண்டிலேயே, கண்ணகி கோயிலுக்குப் பேர்பெற்ற காரைதீவிற் பிறந்தவர் மயில்வாகனம் என்ற விபுலானந்தர். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமான அவர் 1922இல் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார்; 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார்; 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அவ்வாறே. நாவலர் வழிவந்த சைவக் கல்வியின் பயனை அவரும் பெற்றார். எனினும் அவரது வேதாந்தம் சாதியாசாரத்தை அறத்தின் அளவுகோலாகக் கொள்ளவில்லை; பாரதியைப் பண்டித உலகம் புறக்கணித்த காலத்தில் அவர் பாரதியைப் பல்கலைக்கழகத்துள் கொண்டு வந்தார்.

1947இல் அரங்கேறிய "யாழ்நூல்" சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தளமாகக் கொண்டது. இதனை வெறும் இசையாராய்ச்சியாகக் கொள்வது போதாது. தமிழர் பழமையின் உறைகல்லாகச் சைவசாத்திரத்தையன்றிச் சமயச்சார்பு கடந்த கலையொன்றை நிறுத்தும் முயற்சி அது. கோட்பாட்டின் உள்ளிருந்தே கோட்பாட்டை நெகிழ்விக்கும் இச்செயலை, ஒகியூ சோறாய் (1666-1728) கன்பூசியத்தின் உள்ளிருந்தே அதன் "இயற்கையொழுங்கு" என்ற கருத்தை உடைத்தமையோடு ஒப்பிடலாம். யப்பானிய நவீன சிந்தனையின் ஊற்று சோறாயிடமே உண்டென்பது மறுயாமா மசாவோவின் புகழ்பெற்ற வாதம் (1952).

ஆனால் விபுலானந்தரின் எல்லையும் வெளிப்படை. நாடகம் பற்றிய "மதங்க சூளாமணி" சேக்சுப்பியரையும் வடமொழித் தசரூபகத்தையும் நாடிச் சென்றது. அவர் பிறந்த மண்ணில் விடியும் வரை ஆடப்பட்ட வடமோடியும் தென்மோடியும் அவ்வாராய்ச்சியின் மையப்பொருளாகவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலியவற்றை மேடையேற்றிய போதே கூத்து பல்கலைக்கழக மதிப்பைப் பெற்றது. மக்கள் கலையைத் தேசியக் கலையாகக் காண்பதற்கு 1956இன் பின்னரான அரசியற் சூழல் வேண்டியிருந்தது.

6. எல்லையின் விலை

தேசிய அடையாளத்தின் வேர் எதுவென்ற வினா ஏட்டுச் சுவைக்கான வினாவன்று. 1888இல் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தாற் தமிழரே என வாதிட்டார், ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதனை மறுத்தெழுதினார். மொழியைக் கொண்டு உள்ளே அழைத்த அடையாளம், சைவ ஒழுக்கத்தைத் தன் இலட்சணமாக வைத்திருந்தது. உள்ளே அழைக்கப்பட்டவனுக்கு அமர இடமிருக்கவில்லை. முஸ்லிம் உயர்குழாத்தின் அரசியல் நலன்களும் இம்மறுப்பிற் கலந்திருந்தன என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அழைப்பின் குறைபாட்டை அது நீக்கிவிடாது.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2002இல் வாழைச்சேனையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வன்செயல் மூண்டது. வாழைச்சேனையும் ஓட்டமாவடியும் பாசிக்குடாவுக்கு அண்மையிலுள்ள, ஒரே கோறளைப்பற்றைச் சேர்ந்த அயலூர்கள். ஒரே மொழி, ஒரே வாவி. பள்ளிப்பாடப் புத்தகமொன்று நேரே துவக்காக மாறிற்றென்று நாம் கூறவில்லை. நிலம், நீர், வேலைவாய்ப்பு, அரசின் குடியேற்றக் கொள்கை, ஆயுதம் ஆகியனவே மோதலின் பொருளடிப்படை. ஆனால் அம்மோதலில் யார் "நம்மவர்", யார் "பிறர்" என எண்ணுவதற்கான சொற்களை முன்னைய நூற்றாண்டின் ஒழுக்கப் போதனை ஆயத்தமாக வைத்திருந்தது.

2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் கிழக்குப் பிளவு நேர்ந்தபோது யாழ் மேலாதிக்கம் பற்றிய முறைப்பாடு அரசியல் முழக்கமாயிற்று. முறைப்பாட்டுக்கு வரலாற்று அடிப்படை உண்டு. எனினும் பிரதேசத்தின் பெயரால் எழுந்த அம்முழக்கம் போடியாரையும் கூலியாளையும் ஒரே குடையின்கீழ் நிறுத்தியது. தமிழரையும் முஸ்லிமையும் நிறுத்தவில்லை. பெரிய எல்லையின் உள்ளே சிறிய எல்லையை வரைவது எல்லையின் தருக்கத்தை மாற்றிவிடுவதில்லை.

2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரை உல்லாச விடுதிகளின் வலயமாக்கப்பட்டது. வலை காயப்போட்ட மணல் வாடகைக்குரிய காட்சியாயிற்று. மறுபுறத்தில், கட்டாடியாரும் கப்புகனாரும் பூசைசெய்த கோயில்கள் பல ஆகமமுறைக் கும்பாபிடேகம் கண்டு வருகின்றன. முன்னையது மூலதனத்தின் வேலை. பின்னையது மதிப்புத் தேடும் புதிய மத்தியதர வர்க்கத்தின் வேலை. நாவலர் காலத்திற் கரை சேராத சீர்திருத்தம் இன்று தடையின்றி வந்து சேர்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன சில. உலகப் பொதுவெனத் தோன்றும் அறக்கோட்பாடு தேசிய அடையாளத்துக்கு அடித்தளமாகும்போது ஆளும் குழாத்தின் ஒழுக்கமே அனைவரின் இயல்பாகக் காட்டப்படுகின்றது. ஆட்சியாளனை வினவும் பகுதி அதிலிருந்து நீங்குகின்றது. யப்பானில் அரசு செய்ததை யாழ்ப்பாணத்திற் பள்ளிக்கூடமும் அச்சகமும் செய்தன. மட்டக்களப்பு வழக்காறு இதற்கு வெளியே நின்றமையால் நீங்கிய பகுதியைக் காத்தது. ஆனால் தனக்கே உரிய அடக்குமுறையையும் காத்தது. ஆகவே அதனைப் போற்றுவதும் போதாது, இகழ்வதும் தகாது, பகுத்துணர்தல் வேண்டும்.

இதற்கென நம் ஆய்வாளர் முன்னுள்ள பணி வெளிப்படையானது. கண்ணகி வழக்குரையும் சிங்களப் பத்தினிப் பாடல்களும் அருகருகே வைத்து ஆராயப்படல் வேண்டும். கோயிற் குடிக் கல்வெட்டுப் பாடல்களும் பள்ளிவாசற் குடிப் பதிவுகளும் ஒரே சமூக வரலாற்றின் இரு ஏடுகளாக வாசிக்கப்படல் வேண்டும். ஒழுக்கத்தின் பெயரால் வரையப்பட்ட எல்லை வரலாற்றில் வரையப்பட்டது. வரலாற்றில் வரையப்பட்டதை வரலாற்றறிவு கொண்ட மக்கள் திருத்தி வரையலாம். வழக்கு இன்னும் தீரவில்லை. அதனை உரைப்பதற்கு முன் ஊர் முழுவதையும் கூட்டுவதே முதற்கடமை. ஊர் என்பதில் ஓட்டமாவடியும் அடங்கும்.